தயிர் ஐஸுக்கு எதற்கு வெட்கம்?

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் ஆரம்பம் என்று காலண்டரில் போட்டிருக்கும். செய்யூர் பக்கத்துச் சூரியன் காலண்டரெல்லாம் பார்ப்பதில்லை. மார்ச் கடைசியிலேயே கடையைத் திறந்துவிடும். "உங்க ஊருக்குத்தான் கடல் பக்கத்துலயே இருக்கே, காத்து வருமே" என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். வரும். மத்தியானம் ஊரே வெந்து முடிந்த பிறகு ஆற அமர வரும். அதுவரைக்கும் உப்புப் பிசுபிசுப்பும் வியர்வையும்தான்.

இந்த வெயிலில் ஒரு சராசரி வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிரிட்ஜில் நேற்று தோய்த்த தயிர் புளிக்க ஆரம்பித்திருக்கும். மூலையில் நாலு வாழைப்பழம் கறுத்துப்போய், தூக்கிப் போடவும் மனசில்லாமல், சாப்பிடவும் ஆளில்லாமல் கிடக்கும். தோட்டத்து மாம்பழம் ஒரே நாளில் பத்து பழுத்து, அதில் மூன்று அழுகும். அதே வீட்டுப் பிள்ளை தெருமுனைக் கடையில் காசு கொடுத்து, பிளாஸ்டிக் குழாயில் அடைத்த ஆரஞ்சு கலர் தண்ணீரைப் பல்லால் கடித்துக் கிழித்து உறிஞ்சிக்கொண்டு வரும். அதற்குப் பெயர் 'பெப்சி'. (அந்த அமெரிக்க கம்பெனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தமிழ்நாட்டில் குழாய் ஐஸுக்கு யாரோ வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. அந்தக் கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன சொல்லுமோ!)

வீட்டில் இருக்கிற தயிரும் பழமும் குப்பைக்கு, கலர் தண்ணீர் வயிற்றுக்கு. இந்தக் கணக்கு எந்த விதத்திலும் சரியாக வரவில்லை. தயிரையும் பழத்தையும் சேர்த்து ஃப்ரீசரில் வைத்தால் வேலை முடிந்தது. இது தெரியாத வீடு கிடையாது. தெரிந்தும் ஏன் செய்வதில்லை என்பதுதான் கேள்வி.

முதலில் ரூபாய்க் கணக்கு. பி.காம். மக்கள் காஸ்ட் ஷீட் என்றாலே ஓடுவார்கள், இது சின்னதுதான், உட்காருங்கள். அரை லிட்டர் தயிர், சுமாரான ஒரு மாம்பழம், 50 கிராம் சர்க்கரை. விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் எல்லாம் சேர்த்து 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தயிரை வடிகட்டினால் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதோடு பழக்கூழ், சர்க்கரை எல்லாம் சேர்ந்து 480 கிராம் வரும். 60 கிராம் குச்சி ஐஸாக ஊற்றினால் எட்டு. ஒன்று எட்டு ரூபாய் சொச்சம். பழமும் தயிரும் ஏற்கெனவே வீட்டில் வீணாகப் போக இருந்தவை என்றால் அந்த எட்டு ரூபாயும் முழுதாகச் செலவில் வராது. எப்படியும் போயிருக்க வேண்டிய காசு அது.

"கரண்ட் பில்?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு கிலோ கலவையை அறை வெப்பத்திலிருந்து ஃப்ரீசர் குளிருக்குக் கொண்டுபோக, அதிலிருந்து ஏறக்குறைய 400 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். பெரும்பங்கு தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது விடுகிற வெப்பம். இதற்கு பிரிட்ஜ் இழுக்கிற மின்சாரம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. பிரிட்ஜ் எப்படியும் இருபத்திநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தயிர் ஐஸுக்கான இறுதிநிலைச் செலவு காசுக் கணக்கில்தான் வரும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் வந்த சலுகை வேறு இருக்கிறது. பழம் அரைக்க மிக்ஸி? 2011-ல் ஆரம்பித்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் திட்டத்தில் வந்தது இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் இந்த காஸ்ட் ஷீட்டில் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. கவனித்தீர்களா? கூலி என்கிற வரி இல்லை. வீட்டில் செய்யும் எதைப் பற்றிப் பேசினாலும் இப்படித்தான் ஆகிறது. 'வீட்டிலேயே செய்யலாமே, சுத்தமாச்சே, சீப்பாச்சே' என்று அறிவுரை சொல்லுபவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர். செய்பவர் பெரும்பாலும் அம்மா. அவர் நேரத்துக்கு விலை போட்டால் பல 'சீப்பான' வீட்டுப் பண்டங்கள் கடைப் பண்டத்தைவிட விலை ஏறிவிடும். முறுக்கும் அதிரசமும் அந்த ரகம். தயிர் ஐஸ் அந்த ரகம் இல்லை. அடுப்பு இல்லை, எண்ணெய் இல்லை, பதம் பார்க்கிற வேலை இல்லை. வடிகட்ட வைப்பது, அரைப்பது, ஊற்றுவது எல்லாம் சேர்ந்து பதினைந்து நிமிடம். மீதி நேரம் பிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். எட்டாம் வகுப்புப் பையன் செய்யலாம். செய்துவிட்டு மிக்ஸி ஜாரைக் கழுவி வைக்கவும் செய்யலாம். தயிர் ஐஸின் மிகப் பெரிய தகுதி இதுதான் என்று சொல்ல வேண்டும். சத்து, ருசி எல்லாம் அதற்குப் பிறகு.

சரி, எளிது எளிது என்று சொல்லிவிட்டால் போதுமா? செய்து பார்த்தவர்களில் பாதிப்பேர் 'கல்லு மாதிரி ஆயிடுச்சு, கடிச்சா பல்லு கூசுது' என்று ஒரே தடவையில் விட்டுவிட்டவர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. யாரும் காரணத்தைச் சொல்லித் தரவில்லை.

காரணம் தண்ணீர். வீட்டுத் தயிரில் பெரும்பங்கு தண்ணீர்தான், பழத்திலும் அப்படியே. மெதுவாக உறையும்போது அந்தத் தண்ணீர் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய பெரிய பனித் துகளாக வளரும். நாக்கில் நறநறவென்று படுவது அதுதான். கம்பெனி ஐஸ்கிரீமில் இந்தப் பிரச்சினை இல்லாததற்குக் காரணம், அங்கே கலவையைக் கடைந்துகொண்டே வேகமாக உறைய வைக்கிறார்கள். கடையும்போது காற்றும் உள்ளே போகிறது. எவ்வளவு காற்று தெரியுமா? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருந்தால் போதும். அதனால்தான் டப்பாவில் மில்லி லிட்டர் கணக்கு பெரிதாகத் தெரியும். அரை டப்பா காற்றுக்குக் காசு கொடுக்கிறோம் என்று கோபப்பட வேண்டாம், காற்று இல்லாவிட்டால் அது மிருதுவாக இருக்காது. ஆனால் லிட்டர் விலையைப் பார்த்து 'பரவாயில்லையே' என்று நினைப்பதற்கு முன் எடையைப் பார்க்கலாம்.

வீட்டில் கடையும் மெஷின் கிடையாது. ஆகவே தண்ணீரைக் குறைக்க வேண்டும். தயிரை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரம் வைத்து மூன்று நாலு மணி நேரம் பிரிட்ஜுக்குள்ளேயே விட வேண்டும். வெளியே சமையலறை ஆணியில் தொங்கவிட்டால் செய்யூர் வெயிலில் தயிர் வடிவதற்குள் புளித்து நாறிவிடும். மராட்டியரும் குஜராத்தியரும் ஸ்ரீகண்ட் செய்வது இந்தக் கட்டித் தயிரில்தான். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் ஊற்றலாம்.

இரண்டாவது ஆயுதம் சர்க்கரை. சர்க்கரை கரைந்த தண்ணீர் பூஜ்ய டிகிரியில் உறையாது, அதற்கும் கீழே போக வேண்டும். கொஞ்சம் தண்ணீர் உறையாமலேயே பாகாக நிற்பதால்தான் ஐஸைக் கடிக்க முடிகிறது. 'ஹெல்த்தியா பண்றேன்' என்று சர்க்கரையே போடாமல் செய்தால் செங்கல்தான் கிடைக்கும். நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றைச் சேர்த்து அரைப்பது நல்ல குறுக்குவழி. அதன் இனிப்பும் கூழ்த்தன்மையும் பனித் துகளைப் பெரிதாக விடாது. அந்த மூலையில் கறுத்துக் கிடந்த நாலு பழத்துக்கு இப்போது மரியாதை வந்துவிட்டது பாருங்கள் :-)

அச்சு வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் போதும். பிளாஸ்டிக்கைவிட எவர்சில்வர் வேகமாகக் குளிரைக் கடத்தும், வேகமாக உறைந்தால் துகள் சின்னதாக இருக்கும். விளிம்பு வரை ஊற்றக் கூடாது, தண்ணீர் உறையும்போது பருமனில் 9 சதவீதம் போல விரியும். ஒரு மணி நேரம் கழித்து, பாதி இறுகியதும் குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும். சிங்கிள் டோர் பிரிட்ஜ் என்றால் ராத்திரி வைத்துக் காலையில் எடுப்பதே உத்தமம், பகலில் ஆளாளுக்குக் கதவைத் திறந்துகொண்டே இருப்பார்கள். எடுக்கும்போது டம்ளரைப் பத்து விநாடி சாதாரணத் தண்ணீரில் முக்கினால் கழன்று வந்துவிடும். டம்ளரோடு நாக்கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், சொன்னால் கேட்க மாட்டீர்கள், ஒரு தடவை பட்டால்தான் தெரியும்.

பிரிட்ஜே இல்லாத வீடு? செய்யூர் தாலுகாவில் இன்றைக்கும் உண்டு. அவர்களுக்குத்தான் இந்த ஊர் ஒரு வரம் கொடுத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் நோக்கிப் போனால் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கிறதே, அதே உப்பு. நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு சேர்த்தால் ஐஸ் உருகத் தொடங்கும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். கலவையின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 15, நல்லபடியாக அமைந்தால் 20 டிகிரி வரைகூடப் போகும். அதாவது ஃப்ரீசருக்குச் சமம். அதற்குள் மூடி இறுக்கமான ஒரு தகர டப்பாவில் தயிர்க் கலவையை வைத்து உருட்டிக்கொண்டிருந்தால் அரை மணி, முக்கால் மணியில் உறைந்துவிடும். தள்ளுவண்டி குல்பிக்காரர் சிவப்புத் துணி சுற்றிய பானைக்குள் செய்து வைத்திருப்பது இதே வித்தைதான். உருட்டுவதால் கடைவதும் நடந்துவிடுகிறது, ருசி பிரிட்ஜில் வைத்ததைவிட மேல். ஒரே எச்சரிக்கை: மீனுக்குப் போடுகிற ஐஸ் பார் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. அது டப்பாவுக்கு வெளியே மட்டும் இருக்கட்டும். உள்ளே ஒரு சொட்டும் போகக் கூடாது, ஜூஸிலும் போடக் கூடாது.

உப்பும் வெடியுப்பும் வைத்துக் குளிர வைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. அக்பர் அரண்மனையில் வெடியுப்புக் கரைசலில் தண்ணீரைக் குளிர வைத்த விவரம் அயினி அக்பரியில் இருக்கிறது. ஐஸ்தான் நமக்குத் தூரத்துச் சொந்தம். பாஸ்டனிலிருந்து ஃபிரடெரிக் டியூடர் என்பவர் ஏரிப் பனியை வெட்டி, மரத்தூளில் புதைத்து, கப்பலில் ஏற்றி 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக்கு வந்ததைப் போட்டு வைக்க 1842 வாக்கில் கட்டியதுதான் கடற்கரை எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம். அந்தக் காலத்தில் சென்னையில் ஐஸ் என்பது வெள்ளைக்காரத் துரை வீட்டு மேஜைப் பொருள். இன்றைக்கு செய்யூரில் ஒரு கூலித் தொழிலாளியின் மகள் அதைத் தன் வீட்டு டம்ளரில் செய்யலாம். இது சின்ன விஷயம் இல்லை.

பழத்துக்கு வருவோம். எல்லாப் பழமும் தயிரோடு சேராது. பச்சை அன்னாசியையும் பப்பாளியையும் தயிரில் அரைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசப்பு ஏறிவிடும். அவற்றில் உள்ள நொதி தயிரின் புரதத்தை வெட்டிப் போடுகிறது. அன்னாசியைச் சர்க்கரையோடு ஒரு கொதி விட்டு ஆறவைத்தால் நொதி செத்துவிடும், பிறகு சேர்க்கலாம். நுங்கு இந்தக் கடற்கரையின் செல்லப் பிள்ளை, ஆனால் உறைய வைத்தால் அதன் வழுவழுப்பே போய் ரப்பரும் தண்ணீருமாகப் பிரியும். நுங்கை நுங்காகத் தின்றுவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை. மாம்பழத்தில் நார் குறைவான பங்கனபள்ளி நன்றாக வரும், செந்தூராவின் புளிப்பு தயிரோடு இன்னும் நன்றாகப் பொருந்தும். சீதாப்பழம் கொட்டை எடுக்கப் பொறுமை இருப்பவர்களுக்கு. அது தானாகவே ஐஸ்கிரீம் மாதிரிதான் இருக்கிறது, கடவுளே பாதி வேலையை முடித்து அனுப்பியிருக்கிறார்.

தர்பூசணி தனிக் கதை. செய்யூர், மரக்காணம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் கோடையை நம்பிப் போடுகிற பயிர் அது. இரண்டரை மூன்று மாதத்தில் காசு பார்க்கலாம் என்று கடன் வாங்கிப் போடுவார்கள். 2025 மார்ச் கடைசியில் என்ன நடந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள், டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள் என்று சென்னையில் உணவுப் பாதுகாப்புத் தரப்பிலிருந்தே ஓர் எச்சரிக்கை கிளம்பி, வீடியோவாக வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. அறுவடை உச்சத்தில் இருந்த நேரம். வியாபாரிகள் வயலுக்கு வருவதை நிறுத்தினார்கள், விலை படுத்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அரசுத் தரப்பில் விளக்கங்கள் வந்தன. வந்து என்ன? வயலில் பழுத்த பழம் விளக்கம் வரும் வரை காத்திருக்குமா?

கொஞ்சம் யோசித்திருந்தால் போதும். தர்பூசணியில் ஊசி குத்தினால் அந்தத் துளை வழியே கிருமி போய், இந்த வெயிலில் பழம் சீக்கிரமே கெட்டுவிடும். நஷ்டம் குத்தியவனுக்கு. அதன் சிவப்பு லைகோபீன் என்கிற இயற்கை நிறமி, தக்காளியில் இருப்பதும் அதுவே. சாற்றுள்ள எந்தப் பழத்தைத் துடைத்தாலும் பேப்பரில் லேசாக நிறம் ஒட்டத்தான் செய்யும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஏப்ரலில் தர்பூசணியைப் பார்த்துப் பயந்த அதே வீடுகளில் குழாய் ஐஸின் பளபளச் சிவப்பைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்கிற துணிச்சாயம் இருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் தடை போட்டதே, அது நிஜமான சாயம். சந்தேகப்பட வேண்டியதை விட்டுவிட்டு வயலில் விளைந்ததைச் சந்தேகப்படுவதில் நமக்கு நிகர் நாம்தான்.

தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தயிரோடு அரைத்தால் வெளிறிய ரோஸ் கலர் பனிக்கட்டிதான் வரும். அதை இரண்டு அடுக்காகச் செய்ய வேண்டும். கீழே சாறு, ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சை பிழிந்து உறைய வைத்து, மேலே இனிப்புக் கட்டித் தயிர். அல்லது சாற்றைத் தட்டில் ஊற்றி அரை மணிக்கு ஒரு தடவை முள்கரண்டியால் சுரண்டிக்கொண்டே வந்தால் மணல் மணலாக வரும், கிண்ணத்தில் தயிர் மேல் போட்டுச் சாப்பிடலாம்.

இதனால் செய்யூர் விவசாயி பிழைத்துவிடுவாரா என்றால், இல்லை. ஒரு வீட்டு ஃப்ரீசரில் மிஞ்சிப் போனால் ஒரு பழம் அடங்கும். டன் கணக்கில் கிடக்கிற சரக்கை நாலு டம்ளர் காப்பாற்றும் என்று சொல்வது மோசடி. ஆனால் அதே காரியத்தைப் பெரிய அளவில் செய்ய ஆள் இருக்கிறது. பால், தயிர், ஐஸ்கிரீம், குளிர்பதன வண்டி எல்லாம் கையில் வைத்திருக்கும் ஆவின். 2023 மார்ச்சில் தயிர்ப் பாக்கெட்டில் 'தஹி' என்று போடச் சொன்னபோது 'முடியாது, தயிர் என்றுதான் போடுவோம்' என்று நின்று ஜெயித்த நிறுவனம். சில நாளில் ஆணையமே இறங்கி வந்தது. அந்தத் தன்மானத்தில் கொஞ்சத்தைச் சரக்கிலும் காட்டலாம். மார்ச் முதல் மே வரை மூன்று மாதம், இந்த மாவட்டத்துத் தர்பூசணிச் சாறும் கூட்டுறவுச் சங்கத் தயிரும் சேர்த்து ஒரு குச்சி ஐஸ். விலை படுத்த வாரத்தில் கொள்முதல், சாறாக்கி உறையவைத்துச் சேமிப்பு, மெதுவாக விற்பனை. 'லாபம் வருமா' என்று கேட்பீர்கள். முதல் வருடம் வராமல் போகலாம். ஐஸ்கிரீம் வகைகளுக்கு 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. இப்படி ஒன்றை முயன்று பார்க்க முன்னைவிட இப்போது இடம் இருக்கிறது.

தடைகள் வேறு சில உண்டு. 'தயிரும் பழமும் சேரக் கூடாது', 'ஐஸ் சாப்பிட்டால் சளி பிடிக்கும்', 'ராத்திரி தயிர் ஆகாது'. பெரியவர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே பெரியவர்கள்தான் தயிர்சாதத்தில் மாதுளையும் திராட்சையும் தூவுகிறார்கள், மாம்பழப் பச்சடியும் செய்கிறார்கள். சளி பிடிப்பது வைரஸால். குளிர்ச்சி தொண்டையை உறுத்தலாம், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு ஜாக்கிரதை வேண்டும், அது வேறு. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக்கூடத் தயிர் ஓரளவு ஒத்துக்கொள்ளும், உறையும்போது பாக்டீரியாக்கள் பாலில் இருக்கும் லாக்டோஸில் கொஞ்சத்தைத் தின்று தீர்த்துவிடுகின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'ஃப்ரோசன் யோகர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் அது மருந்து மாதிரி ஆகிவிடுகிறது. 1970களில் அமெரிக்காவில் கிளம்பி, நம் பெருநகர மால்கள் வரை வந்து சேர்ந்த சரக்கு அது. 'கொழுப்பு குறைவு, நல்ல பாக்டீரியா' என்று விற்றார்கள். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால் சர்க்கரையை அள்ளிப் போட்டிருப்பார்கள் என்பதைப் பெரிதாகச் சொல்லவில்லை. வீட்டுத் தயிர் ஐஸும் மருந்து இல்லை. மேலே சொன்ன கணக்கில் ஒரு குச்சிக்கு ஆறு கிராம் சர்க்கரை, பழத்தின் இனிப்பு தனி. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 10 கோடிக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகள் இருப்பதாக 2023-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்ன நாட்டில் 'இது சத்து, எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடு' என்று எதையும் சொல்லக் கூடாது. இது தின்பண்டம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த தின்பண்டம்.

எல்லாம் சரி, ஆனாலும் ஏன் செய்வதில்லை? வெட்கம். வேறு எதுவும் இல்லை. விருந்தாளி வந்தால் கடை ஐஸ்கிரீம் டப்பா வாங்கி வைப்பது கௌரவம். டம்ளர் வடிவத்தில், ஈர்க்குச்சிக்குப் பதில் ஸ்பூன் செருகின தயிர் ஐஸை நீட்டினால் 'இவ்வளவுதானா' என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயம். அந்த டப்பாவின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். 'ஃப்ரோசன் டெஸர்ட்' என்று சின்ன எழுத்தில் இருந்தால் அதில் பால் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் தாவரக் கொழுப்பு இருக்கிறது. பால் கொழுப்பில் செய்தது மட்டும்தான் சட்டப்படி 'ஐஸ்கிரீம்'. இந்த வித்தியாசத்தை விளம்பரத்தில் எப்படிச் சொல்லலாம் என்று அமுலும் ஹிந்துஸ்தான் யூனிலீவரும் 2017-ல் மும்பை உயர் நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டார்கள். தாவரக் கொழுப்பு விஷம் இல்லை, அதுவும் அனுமதிக்கப்பட்ட பொருள்தான். ஆனால் பாலே குறைவான டப்பாவுக்குக் கௌரவம், பாலில் தோய்த்த தயிருக்கு வெட்கம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

புயலும் கரண்ட் கட்டும் இந்தக் கடற்கரைக்கு வழக்கம் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்துக்கிட்ட கரை கடந்தது மாதிரி ஒரு ராத்திரி வந்தால் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள், மூடியே இருந்தால் சில மணி நேரம் தாங்கும். உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். முழுசாக உருகி வெதுவெதுப்பான கலவையை மறுபடி உறைய வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். உருகியும் சில்லென்று இருந்தால் உடனே லஸ்ஸியாகக் குடித்துவிடலாம்.

பி.கு.: ஜூன், ஜூலையில் நாவல்பழம் வரும்போது அதையும் தயிரில் போட்டுப் பார்க்கலாம். ஊதா நிறம் கடைக் கலரெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். கொட்டையை நீக்கிவிட்டு அரையுங்கள், கூடவே பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கறை சீக்கிரத்தில் போகாது.